மூணு வேளையும் ஃபாஸ்ட் ஃபுட், 24 வயசுப் பையன்: உடம்புல என்ன நடக்கும், எதை முதல்ல மாத்தணும்?

மேலூர் அக்கா:

தம்பிக்கு வயசு 24. உயரம் 170 செ.மீ., எடை 75 கிலோ. போன வருஷம் 68 இருந்தான். ஏறின ஏழு கிலோவும் தொப்பையிலதான். மதுரை பக்கம் கப்பலூர்ல மெஷின் ஆபரேட்டர் வேலை, நிரந்தர செகண்ட் ஷிஃப்ட், மதியம் 2-லிருந்து ராத்திரி 10:30 வரை. திருநகர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கான். அடுப்பு வைக்க ஓனர் விடமாட்டார், கரண்ட் கெட்டில் மட்டும் உண்டு.

அவன் சாப்பிடுறது: காலையில 10 மணிக்கு மேல எந்திரிச்சு ஒரு முட்டை பப்ஸ், டீ. மதியம் ஒரு ஃபுல் பிளேட் சிக்கன் ஃப்ரைடு ரைஸ். சாயங்காலம் சமோசா, 250 மில்லி கோலா. நாள் முழுக்க மொத்தம் மூணு டீ, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஸ்பூன் சீனி. ராத்திரி 11:30-க்கு மூணு பரோட்டா, சால்னா, அரை பிளேட் சிக்கன் 65. வாரத்துல ரெண்டு தடவ ஷவர்மா. காய், பழம், கீரை, மோர் எதுவும் கிடையாது.

நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் ரெண்டும் இருக்கு. "வயசுல எல்லாம் செரிச்சிரும்"னு சொல்றான். நிஜமாவே இதுல என்ன கெடுதல்? என்ன டெஸ்ட் எடுக்கணும்? அடுப்பு இல்லாம எதை மாத்த முடியும்? பயமுறுத்தாம கணக்கோட சொல்லுங்க, அப்பத்தான் அவன் படிப்பான்.

---

சத்துக்கணக்கு:

நீங்க பட்டியலாவே போட்டதால வேலை சுலபம். கடைக்குக் கடை அளவு மாறும், கீழே உள்ளது நடுத்தர மதிப்பீடு.

ஒரு சாதா பரோட்டாவில் மைதா 50 கிராம், எண்ணெய் 10-12 கிராம்: சுமார் 275 கலோரி. மூணுக்கு 825. சால்னா ரெண்டரைக் கரண்டி என்றால் 175. சிக்கன் 65 நூறு கிராமுக்கு 250. ஃப்ரைடு ரைஸ் 700, பப்ஸ் 300, சமோசா 180, கோலா 110, மூணு டீ 250. கூட்டினால் 2,800 பக்கம் வருது. நின்று நடந்து வேலை பார்க்கிற அவர் உடம்புக்கு 2,700 வரை செலவாகும். ஷவர்மா நாட்களில் இன்னும் 500 சேரும். ஏழு கிலோ கொழுப்பு என்பது கிட்டத்தட்ட 54,000 கலோரி. 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 150-தான். அவர் அளவு மீறிச் சாப்பிடுகிறார் என்று சொல்லவே முடியாது. தினம் அரை பப்ஸ் கூடுதல், அவ்வளவுதான் ஏழு கிலோ.

அதனால கலோரியை விட மற்ற எண்களைப் பாருங்கள். அங்கேதான் விஷயம் இருக்கு.

உப்பு: பரோட்டாவில் 3 கிராம், சால்னாவில் ஒன்றரை, சிக்கன் 65-இல் ஒன்றரை, ஃப்ரைடு ரைஸில் மூன்றரை, பப்ஸ், சமோசாவில் ஒன்றரை. மொத்தம் 11 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு 5 கிராம். இதில் ஏமாற்றுவது பரோட்டாதான். நாக்குக்கு உப்பே தெரியாது, ஆனா மூணு சாப்பிட்டால் ஒரு நாள் கணக்கில் பாதிக்கு மேல் முடிந்தது. ராத்திரி இவ்வளவு உப்பு உள்ளே போனால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்பார், மூணு மணிக்கு சிறுநீர் கழிக்க எழுவார். தூக்கம் கெடுவதில் இதுக்கும் பங்கு உண்டு.

கொழுப்பு: 100 கிராமுக்கு மேல். கண்ணுக்குத் தெரிகிற எண்ணெயாக நாளுக்கு 25-30 கிராம் போதும்.

சர்க்கரை: மூணு டீயில் 30, கோலாவில் 27, ஆக 57 கிராம். 25-க்குள் இருந்தால் நல்லது, 50-ஐத் தாண்டக் கூடாது.

நார்ச்சத்து: இதுதான் மோசம். மொத்தமே 10 கிராம் தேறாது, வேண்டியது 30. மலச்சிக்கலுக்கு வேற காரணம் தேட வேண்டியதில்லை. பெருங்குடலில் இருக்கிற நல்ல கிருமிகளுக்கும் இதுதான் தீனி.

புரதம்: இது ஆச்சரியமா இருக்கும், 65-70 கிராம் வருது. 75 கிலோவுக்கு, கிலோவுக்கு 0.83 வீதம் 62 போதும். அதனால புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கிக் கொடுத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். குறைவது அது இல்லை. ஃபோலேட், வைட்டமின் சி, பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம், இவைதான் அதலபாதாளத்தில் இருக்கும். பொட்டாசியம் காய், பழம், பருப்பில்தான் அதிகம். உப்பு ஏறி பொட்டாசியம் இறங்கினால் ரத்த அழுத்தம் ரெட்டிப்பாக உந்தப்படும்.

உடம்பில் நடக்கும் வரிசை: முதல் சில வாரங்களில் வயிறு. மலச்சிக்கல், உப்புசம், நெஞ்செரிச்சல், சாப்பிட்டதும் கண்ணைச் சொருகுவது. கொழுப்பு அதிகமான சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நேரம் எடுக்கும். 11:30-க்குச் சாப்பிட்டு 12:15-க்குப் படுத்தால் அமிலம் மேலே ஏறத்தான் செய்யும். அடுத்த மாதங்களில் ரத்தம். ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு ஏறும், நல்ல கொலஸ்ட்ரால் (ஹெச்டிஎல்) இறங்கும், கல்லீரலில் கொழுப்பு சேரும். மிச்சமாகும் மாவையும் சர்க்கரையையும் கல்லீரல்தான் கொழுப்பாக்கி வைக்கிறது. அதனால எண்ணெயைத் தொடாமல் மைதாவும் கோலாவுமாகவே வாழ்ந்தாலும் கொழுப்புக் கல்லீரல் வரும். வலி இருக்காது, மஞ்சள் காமாலை வராது, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது "கிரேடு 1", அதாவது ஆரம்பக் கட்டக் கொழுப்புக் கல்லீரல், என்று எழுதி வரும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது இதோடு கைகோத்துத்தான் வரும். வருடக்கணக்கில் போனால் சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, இதய நாளங்கள்.

நமக்கு இடுப்பில் கொழுப்பு சீக்கிரம் சேரும். அதனால இந்தியர்களுக்கு அளவுகோலே வேறு: பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, ஆணுக்கு இடுப்பு 90 செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது. தம்பிக்கு பி.எம்.ஐ. கிட்டத்தட்ட 26. தொப்புளுக்கு நேரே டேப் வைத்து, மூச்சை விட்ட நிலையில் அளக்கச் சொல்லுங்கள். பேன்ட் சைஸைச் சொன்னால் ஏற்காதீர்கள், பேன்ட் தொப்பைக்குக் கீழேதான் நிற்கும்.

இன்னொன்று, வேகம். 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை உள்ளேயே தங்க வைத்து, ரெண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் ரெண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, உப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, ரெண்டே வாரத்தில் 0.9 கிலோ ஏறியது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். பரோட்டா ஆலையில் செய்வது இல்லைதான், ஆனா பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றி ஊறியதை மெல்லவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு போகும். போதும் என்று வயிறு சொல்வதற்குள் மூணும் முடிந்திருக்கும்.

---

ஆரப்பாளையம் 62:

முக்கியமானதை விட்டுட்டீங்களே. மைதாவை வெளுக்க அலோக்சான்னு ஒரு கெமிக்கல் போடுறாங்க, அது கணையத்தையே அழிச்சிரும், அதான் சுகர் வருது. அப்புறம் ஃப்ரைடு ரைஸ்ல அஜினமோட்டோ. இது ரெண்டையும் சொல்லாம உப்புக் கணக்கு எதுக்கு?

---

சத்துக்கணக்கு:

அண்ணே, அந்த வாட்ஸப் செய்தி பல வருஷமா சுத்துது. அலோக்சான் என்பது ஆய்வகத்தில் எலிக்கு சர்க்கரை நோய் வரவைக்க ஊசி போடுகிற பொருள், அது வரைக்கும் உண்மை. அதை யாரும் மைதாவில் வாங்கிக் கலப்பதில்லை. மாவை வெளுக்கும்போது மிகச் சிறிய அளவில் உண்டாகலாம் என்பதுதான் பேச்சு. எலியின் கணைய செல் அதை உள்ளே இழுக்கிற மாதிரி மனிதக் கணைய செல் இழுப்பதில்லை. மைதாவால் சர்க்கரை வருவதற்கு அந்தக் கெமிக்கலே தேவையில்லை: தவிடும் முளையும் போய் வெறும் மாவுச்சத்து மட்டும் நிற்கிறது, அது சீக்கிரம் குளுக்கோஸாகிறது, அதைத் தினமும் 150 கிராம் சாப்பிடுகிறோம். மாவில் கலந்துவந்த பொட்டாசியம் புரோமேட் பற்றிச் சொல்லியிருந்தால் நியாயம், அது 2016-இலேயே நம் நாட்டில் தடை.

அஜினமோட்டோவில் சோடியம் 12 சதவீதம், சாதா உப்பில் 39. ஃப்ரைடு ரைஸில் பயப்பட வேண்டியது உப்புக்கும் சோயா சாஸுக்கும்தான். அதைவிட, காலையில் வடித்து வெளியில் வைத்த சோற்றை ராத்திரி கிளறுகிறார்களே, அதைப் பாருங்கள். வெளியில் கிடந்த சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமி விடுகிற நஞ்சு, வாணலிச் சூட்டிலும் அழியாது. சாப்பிட்ட ரெண்டு மூணு மணி நேரத்தில் வாந்தி வந்தால் சந்தேகம் அதன் மேல்தான்.

---

கல்லடி மாஸ்டர்:

பரோட்டா கணக்கு சரியாத்தான் போட்டிருக்காப்ல. கடைப்பக்கமிருந்து கொஞ்சம் சொல்றேன் தங்கச்சி.

ஒரு கிலோ மைதாவுக்கு 20 கிராம் உப்பு, கொஞ்சம் சீனி, 550 மில்லி தண்ணி, பிசையவும் ஊறவைக்கவும் 100 மில்லி எண்ணெய். சில கடையில பால், முட்டை சேரும். 80 கிராம் உருண்டையாப் புடிச்சா 20 உருண்டை வரும். அடிச்சு வீசி சுத்தும்போதும் கல்லுல போடும்போதும் ஊத்துறது இன்னொரு 100-லிருந்து 150 மில்லி. இந்த எண்ணெய்தான் ஏடு ஏடாப் பிரிக்கும். "எண்ணெய் இல்லாம ஒரு பரோட்டா போடுங்க"ன்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு: கல்லுல ஊத்துறத மட்டும்தான் குறைக்க முடியும், உருண்டைக்குள்ள போனது போனதுதான்.

பன் பரோட்டா ஒண்ணு 100-லிருந்து 120 கிராம் உருண்டை, கல்லுல எண்ணெய் தேங்கி நிக்கும். ரெண்டு பன் பரோட்டா மூணு சாதாவுக்குச் சமம். விருதுநகர் எண்ணெய் பரோட்டா பொரிச்சே எடுக்கிறது, அதை வாரம் ஒருக்கா வச்சுக்கச் சொல்லுங்க. கொத்து பரோட்டால பரோட்டா உப்பு, சால்னா உப்பு, கொத்தும்போது தூவுற உப்புன்னு மூணு தடவ விழும்.

சால்னா விஷயம்: தேங்கா, பொட்டுக்கடலை அரைச்சு ஊத்தி, எண்ணெய் மிதக்க விடுவோம். மேல எண்ணெய் ஏடு நின்னாத்தான் சூடு ஆறாது, பார்வையாவும் இருக்கும். கரண்டிய மேலாப்புல விட்டு ஊத்தினா பாதி எண்ணெய்தான். "அடியிலிருந்து ஊத்துங்கண்ணே"ன்னு சொன்னா எந்தக் கடையிலயும் கோவிச்சுக்கிற மாட்டாங்க. இலையில ஊத்த விடாம கிண்ணத்துல வாங்கித் தொட்டுச் சாப்பிட்டா ரெண்டரைக் கரண்டி ஒண்ணாக் குறையும். கூட வெங்காயம் ஒரு பிளேட் கேக்கலாம், எலுமிச்சை புழிஞ்சு. காசு வாங்க மாட்டாங்க.

பொரிக்கிற எண்ணெய்தான் பெரிய வில்லங்கம். சிக்கன் 65 சட்டில மாவும் மசாலாவும் அடியில உதிர்ந்து கருகும், அது எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும். கெட்டுச்சான்னு கண்டுபிடிக்க: கறுப்பாகி, பாகு மாதிரி கெட்டியாகி, கறித்துண்டு போட்டதும் சோப்பு நுரை மாதிரி பொங்கி அடங்காம நிக்கும், சட்டி சூடேறும்போதே புகையும். மூக்குல காரல் ஏறும். இந்த நாலுல ரெண்டு தெரிஞ்சாலே அந்தக் கடையில பொரிச்சது வாங்க வேணாம், பரோட்டா மட்டும் சாப்பிட்டுட்டு வரலாம். சட்டப்படி பொரித்த எண்ணெயில போலார் சேர்மங்கள் (எண்ணெய் கெடக் கெட உண்டாகிற பொருள்கள்) 25 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, 2018 ஜூலையிலிருந்து விதி. மிச்ச எண்ணெயை பயோடீசலுக்கு எடுத்துக்கிற ஏற்பாடும் இருக்கு. ஆனா சின்னக் கடைகள்ல அதே எண்ணெய் மறுநாள் சால்னா தாளிக்கப் போறதும் உண்டு, மறைக்கிறதுக்கு இல்ல.

டால்டா பத்தி: தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2022 ஜனவரிலருந்து வந்திருச்சு. அதனால முந்தி மாதிரி இல்ல. பேக்கரி பப்ஸ்ல ஏடு பிரியறதுக்குப் போடுறது மார்ஜரின்தான். டிரான்ஸ் குறைஞ்சாலும் அது கெட்டிக் கொழுப்புதான். பப்ஸை பேப்பர்ல புடிச்சா எண்ணெய் ஊறி பேப்பர் கண்ணாடி மாதிரி ஆகுதே, அதுதான் சாட்சி.

சிக்கன் 65 கண்ணைப் பறிக்கிற சிவப்பா இருந்தா கலர். கலர் பொடி போட அனுமதி இல்ல. காஷ்மீர் மிளகாய் போட்டது செங்கல் நிறத்துலதான் இருக்கும், விரல்ல ஒட்டாது.

ஷவர்மா: கம்பில சுத்துற கறி வெளிப்பக்கம்தான் வேகும். கூட்டம் வரும்போது சீவிச் சீவி உள்ள இருக்கிற வேகாத கறியும் ரொட்டிக்குள்ள போயிரும். கூட்டம் இல்லாதப்ப கேஸ் மிச்சம் பிடிக்க பர்னரை அணைச்சுருவாங்க, அப்ப வெதுவெதுன்னு நிக்கும், கிருமிக்குக் கொண்டாட்டம். சீவினதை மறுபடி கல்லுல போட்டு வாட்டித் தர்ற கடையில மட்டும் வாங்குங்க. பச்சை முட்டை மயோனைஸை தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8-லருந்து ஒரு வருஷத்துக்குத் தடை பண்ணுச்சு, வயித்தைக் கெடுக்கிற சால்மோனெல்லா கிருமிக்காக. முட்டை இல்லாத மயோனைஸா இருந்தாலும் அது எண்ணெய்தான். வேணாம்னு சொல்லிருங்க, பூண்டுச் சட்னி கேளுங்க.

---

ரத்த மாதிரி:

டெஸ்ட் கேள்விக்கு வருகிறேன். 70 டெஸ்ட், 90 டெஸ்ட் என்று பேக்கேஜ் விற்பார்கள், அதில் பாதி இவருக்குத் தேவைப்படாது. வேண்டியவை: வெறும் வயிற்று சர்க்கரை, ஹெச்பிஏ1சி (சில மாதச் சர்க்கரைச் சராசரி), லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்பு), கல்லீரலுக்கு எஸ்ஜிபிடி, சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், முழு ரத்த எண்ணிக்கை, ரத்த அழுத்தம். எஸ்ஜிபிடி ஏறியிருந்தால் மட்டும் வயிற்று ஸ்கேன். அசைவம் சாப்பிடுகிறவர் என்பதால் பி12 முதல் சுற்றில் வேண்டாம்.

செகண்ட் ஷிஃப்ட்காரர்களுக்கு ஒரு சிக்கல்: லிப்பிடுக்கு 10-12 மணி நேரம் வெறும் வயிறு என்றால், 11:45-க்குப் பரோட்டா முடித்துவிட்டு காலை 7 மணிக்கு ரத்தம் கொடுத்தால் ட்ரைகிளிசரைடு தாறுமாறாகக் காட்டும். முதல் நாள் ராத்திரி 9 மணிக்கு கேன்டீனிலேயே லேசாகச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை 8-க்கு மேல் கொடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கலாம், டீ கூடாது.

எண்கள்: வெறும் வயிற்று சர்க்கரை 100-க்குக் கீழே சரி, 100-125 எல்லைக்கோடு, 126-லிருந்து சர்க்கரை நோய். ஹெச்பிஏ1சி 5.7-க்குக் கீழே சரி, 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-லிருந்து நோய். ஒரே டெஸ்ட்டை வைத்து முடிவு கட்டமாட்டார்கள், திரும்ப எடுப்பார்கள். ட்ரைகிளிசரைடு 150-க்குள், ஆணுக்கு ஹெச்டிஎல் 40-க்கு மேல் இருக்க வேண்டும். ஹீமோகுளோபின் ஆணுக்கு 13-க்குக் குறையக் கூடாது. முழு ரத்த எண்ணிக்கை எதற்கென்றால், இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம்.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். பிரஷர் பார்க்கும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்க்கச் சொல்லுங்கள், படியேறிப் போன சூட்டில் அளந்தால் வரும் எண் எதற்கும் ஆகாது.

கல்லீரல் கொழுப்பு என்று வந்தால் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். எடையில் 5 சதவீதம், இவருக்கு 4 கிலோ, குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு நன்றாக இறங்கும். கீழாநெல்லி மாத்திரையை வாங்கி விழுங்கிக்கொண்டே கோலா குடிப்பவர்கள்தான் அதிகம்.

நெஞ்செரிச்சலுக்கு கடையில் தானாக பான்டோபிரசோல் (அமிலம் குறைக்கிற மாத்திரை) வாங்கி மாதக்கணக்கில் போடுகிற பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். ரெண்டு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். பரோட்டா செரிக்க சோடா குடிப்பதும் தப்பு. ஏப்பம் வருவது சோடாவில் இருந்த வாயுதான், அது இரைப்பையை உப்பவைத்து அமிலத்தை மேலே தள்ளும்.

ஷவர்மா, ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டு வாந்திபேதி வந்தால் முதலில் ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்). பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மலத்தில் ரத்தம், அடங்காத காய்ச்சல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, தலை சுற்றுகிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். பேதியை நிறுத்த மாத்திரை போட்டு அடைக்கக் கூடாது. எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து முதுகுக்குப் பரவினால் பித்தப்பைக் கல்லா என்று பார்க்க வேண்டும்.

---

மேலூர் அக்கா:

எல்லாருக்கும் நன்றி. மூணு பரோட்டா 3 கிராம் உப்புங்கிறதைத்தான் நம்ப முடியலங்கிறான், மாஸ்டர் சொன்னதைக் காட்டினதும் அமைதியாயிட்டான். இப்ப நடைமுறைக்கு வாங்க. பரோட்டாவை அடியோட நிறுத்துன்னா கேக்க மாட்டான். கெட்டில், ஒரு தட்டு, ஒரு கத்தி, இவ்வளவுதான் அவன்ட்ட இருக்கு.

---

சத்துக்கணக்கு:

நிறுத்தவே வேண்டாம். வரிசையாக மாற்றினால் போதும், ஒரே நாளில் எல்லாம் மாற்றினால் நாலாம் நாள் பழையபடி ஆகிவிடும்.

முதல் வாரம் கோலாவும் டீச் சீனியும். கோலாவுக்குப் பதில் மோர் பாக்கெட், டீக்கு ஒரு ஸ்பூன். இதிலேயே 40 கிராம் சர்க்கரை போகும். ஜிகர்தண்டாவை மோர் இடத்தில் வைக்கப் பார்ப்பார், அனுமதிக்காதீர்கள். பால், கடல்பாசி என்று பேரளவில் நல்லதாகத் தெரிந்தாலும் சர்க்கரைப் பாகும் ஐஸ்கிரீமும் சேர்ந்து அது ஒரு முழு இனிப்புப் பண்டம். பருத்திப்பால் எப்போதாவது பரவாயில்லை.

ரெண்டாம் வாரம் ராத்திரி. மூணாவது பரோட்டாவை விட்டால் 275 கலோரி, ஒரு கிராம் உப்பு. சிக்கன் 65-க்குப் பதில் ரெண்டு அவிச்ச முட்டையோ ஆம்லெட்டோ. இந்தப் பரோட்டாச் சாப்பாட்டை வாரத்தில் ரெண்டு ராத்திரியோடு வைத்துக்கொண்டு மற்ற நாட்களில் இட்லி. நடுராத்திரியில் ஆவி பறக்க இட்லி கிடைக்கிற ஊர் இது, அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பது வீண். நாலு இட்லி 220 கலோரிக்குள் முடியும், எண்ணெய் கிடையாது, 12 மணிக்குச் சாப்பிட்டாலும் வயிறு தாங்கும். சாம்பார் நிறைய, தேங்காய்ச் சட்னி அளவாக. பொடி கேட்டால் கூடவே எண்ணெயும் ஒரு குழிக்கரண்டி வரும், கவனம்.

இதைவிட முக்கியம், ராத்திரிச் சாப்பாட்டின் பெரிய பகுதியை ஷிஃப்ட் இடைவேளைக்கு நகர்த்துவது. ராத்திரி ஏற ஏற இன்சுலின் வேலை மந்தமாகும். ஒரே சாப்பாடு மதியம் ஏற்றுவதைவிட நடுராத்திரி சர்க்கரையை அதிகம் ஏற்றும். எட்டரைக்கு கேன்டீனில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டால் 11:30-க்கு ரெண்டு இட்லி போதும்.

மதியம் ஷிஃப்டுக்கு முன் 1 மணிக்கு மெஸ்ஸில் மீல்ஸ். சோறு ஒன்றரைக் கப், சாம்பார் ஊற்றி. பொரியலும் கூட்டும் ரெண்டாம் தடவை கேட்டு வாங்க வேண்டும். முதல் தடவை வைப்பது பேருக்குத்தான், இலையில் ரெண்டு ஸ்பூன். அப்பளம், ஊறுகாய் ரெண்டும் உப்பு மூட்டை. கையில் காசு இறுக்கமாக இருக்கும் மாதக் கடைசியில் அம்மா உணவகம்: சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய்.

நார்ச்சத்தை வாரத்துக்கு 5 கிராம் கணக்கில் ஏற்றுங்கள். 10-லிருந்து ஒரே தாவலில் 30-க்குப் போனால் வயிறு உப்பி, "காய் எனக்கு ஒத்துக்கலை" என்று சொல்லிவிடுவார். கூடவே தண்ணீர் ரெண்டரை லிட்டருக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் மலம் இன்னும் இறுகும். ஒரு கொய்யா 5 கிராம் நார், ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி அதிலேயே தாண்டிவிடும். நூறு கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 7 கிராம் நார், 8-9 கிராம் புரதம். சாயங்காலச் சமோசாவின் இடம் இதற்கு.

---

கெட்டில் சமையல்:

அடுப்பில்லாத ரூமுக்கு என்ன முடியும், என்ன முடியாதுன்னு சொல்லிடுறேன்.

முட்டை: கெட்டில்ல பச்சைத் தண்ணி ஊத்தி, மூணு முட்டைய மெதுவா இறக்கணும். முட்டை முழுகி ஒரு விரல்கடை மேல தண்ணி நிக்கணும். கொதிச்சு தானா ஆஃப் ஆனதும் மூடியைத் திறக்காம 12 நிமிஷம் விட்டா மஞ்சக்கரு கெட்டியாயிரும். ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த முட்டைன்னா 15. கொதிக்கிற தண்ணில முட்டைய போடக் கூடாது, ஓடு விரிஞ்சு வெள்ளைக்கரு கசிஞ்சு அடித்தட்டுல ஒட்டிக்கும், அடுத்த டீ நாறும். முட்டை ஓட்டுல அழுக்கு இருக்கும்ங்கிறதால முதல்ல கழுவிடணும், அந்தத் தண்ணிய டீக்கு எடுக்க வேணாம்.

பால் காய்ச்சவே கூடாது. பொங்கி அடி ஸ்விட்ச்சுக்குள்ள இறங்கும், கெட்டில் அன்னைக்கே போச்சு. சத்துமாவுக் கஞ்சியும் அப்படித்தான், அடிபிடிக்கும். தண்ணிய மட்டும் கொதிக்க வச்சு, வெளிய ஒரு டம்ளர்ல ஓட்ஸ் மேல ஊத்தி மூடி வைக்கலாம்.

சிவப்பு அவல் 50 கிராம், ரெண்டு தடவ கழுவி, வெதுவெதுப்பான தண்ணி தெளிச்சு 10 நிமிஷம் மூடி வச்சா மெத்துனு ஆகும். அரைக் கப் தயிர், நறுக்கின வெள்ளரி, ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, உப்பு ஒரு சிட்டிகை. காலைச் சாப்பாடு அஞ்சு நிமிஷ வேலை. தயிர் மீந்தா வச்சுக்க வேணாம், மதுரை வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள்ள புளிச்சிரும்.

முளைகட்டின பயறு சாப்பிடலாம், ஆனா பச்சையா வேணாம். பாசிப்பயறு எட்டு மணி நேரம் ஊறவச்சு, துணில கட்டி, வேலைக்குப் போயிட்டு வந்தா முளை விட்டிருக்கும். கிருமியும் அந்த ஈரச் சூட்டுல சேர்ந்தே வளரும். அதனால கெட்டில்ல தண்ணியோட போட்டு ரெண்டு தடவ கொதி வரவிட்டு, மூடின வாக்குல பத்து நிமிஷம் விட்டு வடிச்சிரணும். கொண்டைக்கடலை, காராமணி இதுல வேகாது, முயற்சி பண்ண வேணாம், சுண்டல் வெளியதான் வாங்கணும்.

காய், பழத்துக்கு வாரம் ரெண்டு தடவ பழங்காநத்தம் உழவர் சந்தை. உழவர் சந்தையே 1999-ல நம்ம மதுரை அண்ணா நகர்லதான் தொடங்குச்சு, அந்த ஊர்க்காரன் காய் சாப்பிடலன்னா எப்படி. காலையில 10 மணிக்கு மேல எந்திரிக்கிற ஆளுக்கு நல்ல காய் கிடைக்காது, லீவு நாள்ல 7 மணிக்குப் போனாத்தான் உண்டு. ஃப்ரிட்ஜ் இல்லாத ரூமுக்கு கேரட், வெள்ளரி, கொய்யா, செங்காய்த் தக்காளி, எலுமிச்சை மூணு நாள் தாங்கும். கவர்லருந்து எடுத்து ஈரத்துணி விரிச்ச கூடையில வைங்க. கீரை அன்னைக்கே வாடும், அதை மெஸ்ஸுக்கு விட்டுருங்க. ரெண்டு மூணு நாளைக்குண்டான வாழைப்பழம் ஒரே சீப்பா வாங்காம பழுத்தது ரெண்டு, காய்வெட்டு நாலுன்னு பிரிச்சு வாங்கச் சொல்லுங்க.

---

ரத்த மாதிரி:

ஒரு சின்ன சேர்க்கை. ஹெச்பிஏ1சி என்பது கடந்த ரெண்டு மூணு மாதச் சராசரி. மாற்றத்தை ஆரம்பித்து மூணாம் வாரத்திலேயே திரும்ப எடுத்து "ஒண்ணும் குறையல" என்று அவர் விட்டுவிடக் கூடாது; 12 வாரம் கழித்து எடுங்கள். ட்ரைகிளிசரைடுதான் சீக்கிரம் அசையும், ஆறு வாரத்திலேயே தெரியும். இடுப்பளவை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை, டாய்லெட் போய்வந்த பிறகு, டீக்கு முன்னாடி எடுத்து எழுதி வைக்கச் சொல்லுங்கள்.